கடல் கடந்து வரும் காசு: சர்வதேச அபிவிருத்தித் தொண்டு நிறுவனம் ஒன்று நிதி திரட்டும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் முன்பள்ளிச் சுவர்களிலும் பொதுக் கிணற்றுக் கட்டுகளிலும் மீனவர் சங்கக் கட்டடங்களின் முகப்பிலும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். பலகையில் நிறுவனத்தின் பெயரும் இலச்சினையும் திறப்பு விழா நடந்த திகதியும் இருக்கும். அந்தப் பணம் யாருடைய கையிலிருந்து புறப்பட்டது, என்ன நிபந்தனையோடு வந்தது, வழியில் எத்தனை கணக்குப் புத்தகங்களில் பதியப்பட்டது என்பவை அதில் இருக்கமாட்டா. எழுதப்படாத அந்தப் பகுதியைப் பற்றியதே இந்த வழிகாட்டி.

வெளிநாட்டு நன்கொடை நமது ஊருக்குப் புதியதன்று. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் தமது விடுதிப் பாடசாலைகளில் பிள்ளைகளைச் சேர்த்தபோது, அமெரிக்காவில் இருந்த ஒருவரோ ஒரு சபையோ ஒரு பிள்ளையின் வருடச் செலவைப் பொறுப்பேற்றால், அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டலாம் என்றொரு வழக்கம் இருந்தது. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று நமது இலக்கிய வரலாற்றில் படிக்கும் பெயர்களின் முன்பாதி அந்த வழக்கத்தை நினைவூட்டுவது. அதே நூற்றாண்டில், நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை போன்றவை ஊரவரின் சிறு பணத்திலும் பிடியரிசியிலும் நடந்தன. உலைக்கு எடுத்த அரிசியில் ஒரு பிடியை வேறு பானையில் போட்டு வைத்து, கேட்டு வருபவரிடம் கொடுத்துவிடுவார்கள். முன்னது எந்தப் பிள்ளைக்கு, எதற்கு என்று தூரத்திலேயே தீர்மானிக்கப்பட்ட பணம். பின்னது எதற்குச் செலவிடுவது என்பதை நடத்துபவரின் பொறுப்பிலேயே விட்டது. இன்று நிதி திரட்டும் எந்த முறையைப் பார்த்தாலும், இவ்விரண்டில் அது எதைச் சேர்ந்தது என்பதையே நான் முதலில் கேட்பேன். கணக்கியலில் முன்னதை நோக்கம் குறித்த நிதி என்றும் பின்னதைப் பொது நிதி என்றும் பிரிப்பார்கள்; கீழே வரும் படிகளிலும் அவ்வாறே குறிப்பிடுகிறேன்.

லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் உறவினரோடும் ஊர்ச் சங்கத்தோடும் சேர்ந்து ஒரு தொண்டு நிறுவனத்தை ஒழுங்காகக் கட்டியெழுப்ப எண்ணுபவர்களையும், வெளிநாட்டு நிறுவனமொன்றின் பங்காளி அமைப்பாக இங்கு வேலை செய்பவர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். இருபது வருடங்களாகக் கணக்கு மேசையின் இந்தப் பக்கத்தில் இருந்தவன் என்பதே எனக்குள்ள தகுதி.

முதலாம் படி: எந்த நாட்டில் கேட்கப் போகிறீர்களோ அங்கே பதிவு செய்யுங்கள்

நன்கொடையாளர் வரி செலுத்தும் நாட்டில் பதிவு இல்லாத நிறுவனத்துக்கு அவர் கொடுக்கும் பணத்துக்கு வரிச் சலுகை கிடைப்பது அரிது. ஆகையால் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனிச் சட்ட அமைப்பாகப் பதிந்து, ஒரே பெயரின் கீழ் கூட்டமைப்பாக இயங்குகின்றன. 1942இல் ஒக்ஸ்போட் நகரில் ஒரு பஞ்ச நிவாரணக் குழுவாகத் தொடங்கிய ஒக்ஸ்பாம் இன்று பல நாடுகளின் நிறுவனங்களைக் கொண்ட கூட்டமைப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வருட வருமானம் 5,000 பவுணைத் தாண்டினால், சில விலக்குகள் நீங்கலாக, தொண்டு ஆணைக்குழுவில் பதிய வேண்டும். அங்குள்ள கிவ்ற் எய்ட் என்ற ஏற்பாட்டின்படி, வருமான வரி செலுத்துபவர் ஒருவர் 100 பவுண் கொடுத்து ஒரு சிறு பிரகடனத்தில் ஒப்பமிட்டால், நிறுவனம் அரசிடமிருந்து மேலும் 25 பவுணைக் கோரிப் பெறலாம். ஒப்பம் வாங்க மறந்தால் அந்த 25 பவுண் இல்லை. ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் நடக்கும் ஊர்ச் சங்க இராப்போசன விருந்துகளில் பணத்தை எண்ணிப் பெட்டியில் போடுபவர் இருப்பார். அந்தப் படிவத்தை நீட்டுபவர் மட்டும் பல வேளைகளில் இருப்பதில்லை.

கனடாவில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனமே வரிப் பற்றுச்சீட்டு வழங்கலாம். வருடத்தில் 200 டொலரைத் தாண்டும் நன்கொடைக்குக் கூட்டாட்சி வரியில் கழிவு வீதம் உயர்வதால், கொடுப்பவர்கள் சிறு தொகைகளைச் சேர்த்து ஒரே ஆண்டில் காட்ட விரும்புவார்கள். முன்னர் கனேடிய நிறுவனம் வெளிநாட்டில் செலவிடுவதானால், வேலை முழுவதையும் தானே வழிநடத்திக் கட்டுப்படுத்துவதாகக் காட்ட வேண்டியிருந்தது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டபின், தகுந்த பொறுப்புக்கூறல் ஏற்பாடுகளோடு இங்குள்ள அமைப்பொன்றுக்கு நேரடியாக மானியம் வழங்கவும் இடமுண்டு. யாழ்ப்பாணத்துப் பங்காளி அமைப்புகள் ரொறன்ரோக்காரரிடம் இதைக் கட்டாயம் எடுத்துச் சொல்ல வேண்டும். அவர்களுடைய கணக்காளருக்கே தெரியாமல் இருக்கக் கண்டிருக்கிறேன். அவுஸ்திரேலியாவிலோ, வெளிநாட்டு உதவி செய்யும் நிறுவனத்தின் நன்கொடைகளுக்கு வரிக்கழிவு கிடைக்க, வெளிவிவகாரத் திணைக்களத்தின் தனி அங்கீகாரமும் 2023 வரை தேவைப்பட்டது; இப்போது அந்தப் பொறுப்பு வரித் திணைக்களத்திடம் இருக்கிறது. அந்தப் பழைய முறை பொறுமையைச் சோதிக்கும் வேலையாக இருந்தது.

இலங்கைப் பக்கத்தில் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகத்தில் பதிவதும், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவதும் வழக்கமான வழிகள். கிராம மட்டச் சங்கமாயின் பிரதேச செயலகத்தில் பதிவு உண்டு; ஆனால் வெளிநாட்டு நிதி தருபவர்கள் பெரும்பாலும் அதை மட்டும் போதுமானதாக ஏற்பதில்லை. பதிவு எதுவானாலும், மாவட்டச் செயலகத்துக்கும் உரிய பிரதேச செயலாளருக்கும் தெரியாமல் செயற்றிட்டம் தொடங்கலாம் என்று எண்ண வேண்டாம். 2009இன் பின் வடக்குக்கென அமைந்த சனாதிபதி செயலணியின் அனுமதிக்காகக் கோப்போடு மாதக்கணக்கில் அலைந்தவர்களுக்கு இன்றைய நடைமுறை இலகுவாகவே தெரியும்.

இரண்டாம் படி: தேவையை முழு விலையோடு எழுதுங்கள்

பணம் கேட்குமுன் எதற்கு என்று சொல்ல வேண்டும் என்பதை எல்லாரும் அறிவர். எவ்வளவு என்பதை நேர்மையாகச் சொல்பவர்களே குறைவு. நமது குடாநாட்டை எடுத்துக்கொண்டால், சுண்ணக்கல்லின் மேல் வாழும் நமக்கு நிலத்தடி நீரே நீர். அதில் உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று ஒரு பக்கம், கரையோரங்களில் ஏறும் உவர் மறுபக்கம். நெடுந்தீவில் ஐம்பது குடும்பங்களுக்கு மழைநீர்த் தொட்டி கட்டித் தருவதாக ஒரு நிறுவனம் வேண்டுகோள் விடுத்தால், ஒரு தொட்டியின் விலையை ஐம்பதால் பெருக்கினால் போதும் என்று தோன்றும்.

போதாது. நான் தயாரித்த முதலாவது வரவுசெலவுத் திட்டம் அப்படித்தான் இருந்தது. நெடுந்தீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவானுக்கு அப்பால் கடல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆயினும் சீமெந்துப் பைகளை ஏற்றும் படகுக் கூலியையும் ஏற்றி இறக்கும் கூலியையும் எழுதாமல் விட்டேன். இறங்குதுறையில் கூலிப் பிரச்சினை தீரும்வரை காத்துக் கிடந்த பைகளில் ஒரு பகுதி மழையில் நனைந்து கல்லாயிற்று. அதற்குரிய பணத்தை நிறுவனத்தின் பொது நிதியிலிருந்தே எடுத்தார்கள்.

ஆகையால் ஒரு தொட்டியின் உண்மை விலைக்குள் பொருளும் கொத்தனார் கூலியும் மட்டுமின்றி, போக்குவரத்து, நீர்ப் பரிசோதனை, பயனாளிகளைத் தெரிவுசெய்ய நடக்கும் கூட்டங்கள், கள உத்தியோகத்தரின் சம்பளமும் ஊழியர் சேமலாப நிதியும், அலுவலக வாடகையில் அதன் பங்கு, கணக்காய்வுக் கட்டணம், இரண்டு வருடத்தின் பின் வடிகட்டியைத் திருத்தும் செலவு ஆகியனவும் அடங்க வேண்டும். நிருவாகச் செலவு என்றாலே முகம் சுளிக்கும் நன்கொடையாளர் நம்மவரிலும் மிகுதி. அவர்களுக்கு மறைத்து எழுதுவதிலும், ஒவ்வொன்றையும் வரி வரியாகக் காட்டி விளக்குவதே நல்லது. வவுச்சரைச் சரிபார்க்க ஆளில்லாத நிறுவனம் மலிவான நிறுவனமாகத் தோன்றலாம். அங்கே காசு எங்கே போனது என்று சொல்லவும் ஆளிராது.

மூன்றாம் படி: மாதாந்தச் சிறு நன்கொடையாளர்களைச் சேருங்கள்

சர்வதேச நிறுவனங்களின் நிதிப் பிரிவினரிடம் எது மிகச் சிறந்த வருமானம் என்று கேட்டால், கோடிக்கணக்கில் தரும் அரச மானியத்தைச் சொல்லமாட்டார்கள். மாதம் 10 பவுணை வங்கியிலிருந்து தானாகக் கழிய விட்டு, எதற்கென்று குறிக்காமல் பல வருடங்கள் கொடுப்பவரையே சொல்வார்கள். நூறு பேர் அவ்வாறு சேர்ந்தால் கிவ்ற் எய்ட்டோடு மாதம் 1,250 பவுண், வருடத்துக்கு 15,000 பவுண். இது நமது பிடியரிசியின் அதே கணக்கு. பானைக்குப் பதிலாக வங்கி இருக்கிறது.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தனது வருமானத்தில் 95 வீதத்துக்கு மேல் தனியாரிடமிருந்து பெறுகிறது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அகதிக் கொள்கையை எதிர்த்து அதன் நிதி இனி வேண்டாம் என்று அவ்வமைப்பு அறிவிக்க முடிந்தமைக்கு, பின்னால் இருந்த அந்த இலட்சக்கணக்கான சிறு கொடுப்பனவுகளே வலுவாக இருந்தன. அரச பணத்தில் மட்டும் நிற்கும் நிறுவனம் அவ்வாறு பேசியிருக்க முடியாது.

இத்தகையவர்களைச் சேர்ப்பது செலவானது. தெருவில் நின்று வழிப்போக்கரை மறித்துப் பேசுபவர்களையும் தொலைபேசியில் அழைப்பவர்களையும் பெரும்பாலும் வேறு கம்பனிகள் மூலமே அமர்த்துகிறார்கள். சேர்க்கப்பட்ட ஒருவருடைய முதல் மாதங்களின் நன்கொடை அந்தச் செலவை ஈடுசெய்யவே போகலாம். அவர் சில மாதங்களில் நிறுத்திவிட்டால் நட்டம். எல்லை மீறியவர்களும் இருந்தார்கள். முதியோரின் வீடுகளுக்கு ஓயாது கடிதங்களும் அழைப்புகளும் போன விவகாரம் 2015இல் பிரித்தானியாவில் பெரிய சர்ச்சையாகி, அடுத்த வருடம் நிதிசேகரிப்புக்கென ஒரு தனி ஒழுங்குபடுத்தும் அமைப்பு உருவானது. சிறு அமைப்புகளுக்குத் தெருவும் தொலைபேசியும் தேவையில்லை. பழைய மாணவர் சங்கமும் ஊர்ச் சங்கமும் நமக்கு ஏற்கெனவே உள்ள பெயர்ப்பட்டியல்கள். அவற்றில் உள்ளவர்களிடம் ஒருமுறை பெருந்தொகை கேட்பதை விட்டு, மாதம் ஒரு சிறு தொகைக்கு வங்கிக் கட்டளை கேளுங்கள். இளையவர் ஒருவர் கேட்டால் பெரியவர்கள் மறுப்பது குறைவு என்பது என் அனுபவம்.

பிள்ளைகளைப் பொறுப்பேற்கும் திட்டத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் அநாதைகளான பிள்ளைகளுக்காக 1937இல் தொடங்கிய பிளான் நிறுவனமும், 1950இல் உருவாகிக் கொரியப் பிள்ளைகளோடு இம்முறையைக் கைக்கொண்ட வேர்ள்ட் விஷனும் இதனால் வளர்ந்தவை. ஒரு முகம், ஒரு பெயர், வருடத்துக்கு ஒரு கடிதம் என்று வரும்போது கொடுப்பவர் நிறுத்த மனம் கொள்வதில்லை. ஆனால் ஒரே வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் புத்தகப் பை வர, பக்கத்துப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் நிலை ஊருக்குள் மனத்தாங்கலை வளர்ப்பதை நான் நேரில் கண்டவன். இதனாலேயே பெரிய நிறுவனங்கள் பணத்தைத் தனிப் பிள்ளைக்குக் கொடுக்காமல், அந்தக் கிராமம் முழுவதற்குமான பாடசாலை, சுகாதார வேலைகளுக்குச் செலவிடுகின்றன. விளம்பரம் ஒரு பிள்ளையைக் காட்டுகிறது, பணம் கிராமத்துக்குப் போகிறது என்பதை நன்கொடையாளருக்குத் தெளிவாக எழுதாத நிறுவனம் ஒருநாள் பதில் சொல்ல வேண்டி வரும்.

நான்காம் படி: நிகழ்வு, கடை, உயில்

நடைபவனி, துடுப்பாட்டச் சுற்றுப்போட்டி, இசை நிகழ்ச்சி என்பன நமக்குப் பழக்கமானவை. லண்டன் மரதன் ஓட்டத்தில் தொண்டு நிறுவனங்கள் இடங்களை விலைக்கு வாங்கி, குறித்த தொகையைச் சேர்த்துத் தருவதாக உறுதியளிக்கும் ஓட்டக்காரருக்குக் கொடுக்கின்றன. நம் நாட்டிலேயே மறக்க முடியாத உதாரணம் ஒன்றுண்டு: 2011 ஜூலையில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரம் நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்காக நிதி திரட்டினார்கள். சிங்களக் கிராமங்களின் பாடசாலைப் பிள்ளைகளும் அந்த நிதிக்குச் சில்லறை போட்டார்கள். நிகழ்வொன்றின் வரவு எவ்வளவு என்று கேட்குமுன் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். மண்டப வாடகைக்கும் பாடகரின் விமானச் சீட்டுக்கும் போக மிஞ்சியது சொற்பம் என்று பின்னர் தெரிய வந்த இசை இரவுகள் பலவற்றின் கணக்கை நான் பார்த்திருக்கிறேன்.

ஒக்ஸ்பாம் 1940களின் இறுதியில் ஒக்ஸ்போட்டின் புறோட் வீதியில் திறந்த கடை, பயன்படுத்திய உடைகளையும் புத்தகங்களையும் விற்கும் பெரும் கடைத்தொகுதியாக வளர்ந்தது. தன்னார்வலர் நின்று விற்பதால்தான் அதில் ஆதாயம். இதை இங்கிருந்து பின்பற்றுவது கடினம்.

உயில் மூலம் வரும் கொடைகளைப் பற்றிப் பேச நம்மவர் கூச்சப்படுவார்கள். ஆயினும் பிரித்தானியத் தொண்டு நிறுவனங்கள் பலவற்றுக்கு அது மிகப் பெரிய வருமானங்களுள் ஒன்று. தொண்டுக்கு எழுதிய பங்குக்கு அங்கே மரபுரிமை வரி இல்லை. வரிக்குரிய சொத்தில் பத்தில் ஒரு பங்கையாவது தொண்டுக்கு எழுதினால், மீதிக்கான வரியும் 40 வீதத்திலிருந்து 36 வீதமாகக் குறையும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் புலம்பெயர்ந்து சென்றவர்கள் இப்போது உயில் எழுதும் வயதில் இருக்கிறார்கள். கோயிலுக்கும் படித்த பாடசாலைக்கும் எழுதிவைக்கும் மரபு நமக்கு உண்டு என்பதால், மரியாதையோடு ஒரு பக்கக் குறிப்பொன்றைச் சங்க மலரில் போட்டாலே கேட்டதாக ஆகிவிடும்.

ஐந்தாம் படி: அறக்கட்டளைகளும் கம்பனிகளும்

இதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். அறக்கட்டளைகள் தத்தம் விருப்பத் துறையையும் இறுதித் திகதியையும் வெளியிடுகின்றன. அவற்றைப் படித்துப் பொருந்துவதற்கு மட்டும் விண்ணப்பியுங்கள். கொழும்பிலுள்ள தூதரகங்களின் சிறு மானியங்களும் இவ்வகையே: அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம், கனடாவின் உள்ளூர் முன்முயற்சிகளுக்கான நிதியம், யப்பானின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு மானியம் ஆகியவை உள்ளூர் அமைப்புகள் தாமே நேரடியாகக் கேட்கக்கூடியவை. வடக்கின் கண்ணிவெடி அகற்றலுக்கு யப்பானிய மானியம் பல வருடங்களாக உதவியது. கம்பனிகளிடம் கேட்கும்போது, அவர்கள் விற்கும் பொருளோடு உங்கள் பெயர் சேர்வது உங்களுக்குச் சம்மதமா என்பதை நிர்வாக சபை முதலிலேயே தீர்மானித்து எழுத்தில் வைத்திருக்கட்டும். சாராயக் கம்பனி ஒன்று கேளாமலே காசோலை அனுப்பிய பின்னர் கூட்டம் கூட்டி விவாதிப்பது அழகல்ல.

ஆறாம் படி: அரசுகளின் நிதிக்கு விண்ணப்பித்தல்

செல்வந்த நாடுகள் தமது தேசிய வருமானத்தில் 0.7 வீதத்தை உதவிக்கு ஒதுக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1970இல் தீர்மானித்தது. பெரும்பாலான நாடுகள் அதை எட்டியதில்லை. எட்டிய பிரித்தானியா 2021இல் 0.5 வீதமாகக் குறைத்து, 2027இல் 0.3 வீதமாக்கப் போவதாக 2025 பெப்ரவரியில் அறிவித்தது. அமெரிக்காவின் யுஎஸ்எயிட் நிறுவனத்தின் நிதி 2025 ஜனவரியில் திடீரென நிறுத்தப்பட்டு, ஜூலை முதலாம் திகதியோடு அந்த நிறுவனமே செயற்பாட்டை முடித்துக்கொண்டது. அதை மட்டும் நம்பியிருந்த அமைப்புகள் உலகெங்கும் சில வாரங்களுக்குள் ஊழியரை வீட்டுக்கு அனுப்பின. அரச நிதியைக் கேட்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே அரசின் கையில் உங்கள் சம்பளப் பட்டியல் முழுவதையும் வைக்காதீர்கள்.

நடைமுறை இவ்வாறு செல்லும். ஐரோப்பிய ஒன்றியம் போன்ற நிதி வழங்குநர் ஓர் அழைப்பை வெளியிடுவர். முதலில் சில பக்கக் கருத்துக் குறிப்பு, அதில் தெரிவானவர்களிடம் மட்டும் முழு முன்மொழிவு. முதன்மை விண்ணப்பதாரர் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனமாகவும், யாழ்ப்பாணத்து அமைப்பு இணை விண்ணப்பதாரராகவும் இருக்கும். முன்மொழிவின் நடுவில் தர்க்கச் சட்டகம் என்ற அட்டவணை வரும். 1969இல் யுஎஸ்எயிட்டுக்காக உருவாக்கப்பட்ட இந்த அட்டவணை இன்று எல்லாரையும் ஆட்டுவிக்கிறது. செயல், அதனால் உடனே கிடைக்கும் பயன், அதனால் வாழ்க்கையில் வரும் மாற்றம், அதற்கு அப்பாலுள்ள பெரிய நோக்கம் என்று கீழிருந்து மேலாக அடுக்கி, ஒவ்வொன்றையும் எதைக் கொண்டு அளப்போம், சான்று எங்கே கிடைக்கும், எது தவறினால் எல்லாம் தவறும் என்று பக்கத்தில் எழுத வேண்டும். ஐம்பது தொட்டி கட்டுவது செயல். ஐம்பது வீட்டில் கோடையிலும் குடிநீர் இருப்பது பயன். நீர் சுமக்கும் பெண்களின் நேரம் மிச்சமாவதே மாற்றம். நம்மவர் முதலாவதை எழுதிவிட்டு மூன்றாவதை எழுதியதாக நினைத்துக்கொள்வார்கள். கடைசி நிரலில் மழை பொய்ப்பது, படகுச் சேவை நிற்பது, சீமெந்து விலை ஏறுவது ஆகியவற்றை ஒளிக்காமல் எழுதுங்கள். பின்னர் நேரக்கூடிய இடர்களுக்கு அதுவே உங்கள் பாதுகாப்பு.

ஐரோப்பிய ஒன்றிய மானியத்தில் அலுவலகம், நிருவாகம் போன்ற மறைமுகச் செலவுக்கு, நேரடிச் செலவின் 7 வீதத்துக்கு மேல் கேட்க முடியாது. நேரடிச் செலவு 100,000 யூரோ என்றால் தலைமையகமும் பங்காளி அமைப்பும் 7,000 யூரோவைப் பங்கிட வேண்டும். அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை உடன்படிக்கையில் ஒப்பமிடுமுன் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட்டு, வாடகைக்குக் கடன்பட்ட அமைப்புகள் உண்டு. மொத்தச் செலவில் ஒரு பங்கை விண்ணப்பதாரரே வேறு வழியில் தேட வேண்டும் என்ற நிபந்தனையும் அடிக்கடி வரும். மூன்றாம் படியில் சொன்ன பொது நிதி இல்லாதவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

நாணய மாற்றையும் மறக்க வேண்டாம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபா வரை ஏறியபோது, வெளிநாட்டுப் பணம் வைத்திருந்தவர்களுக்கு யோகம் என்று ஊரில் பேசினார்கள். சீமெந்தும் கம்பியும் டீசலும் அதைவிட வேகமாக ஏறின. அதோடு, ரூபாவில் மிகுதியாகத் தெரிந்த தொகை நிறுவனத்துடையது அல்ல. அதை எப்படிச் செலவிடுவது என்று நிதி வழங்குநரிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும்.

ஏழாம் படி: பேரிடர் வேளையில் விடுக்கும் வேண்டுகோள்

பேரிடர் நேரத்தில் மக்கள் கேளாமலே கொடுப்பார்கள். பிரித்தானியாவின் பெரிய நிறுவனங்கள் 1963 முதல் பேரிடர் அவசரக் குழு என்ற பெயரில் சேர்ந்து ஒரே வேண்டுகோளை விடுத்து, சேர்ந்த பணத்தைப் பிரித்துக்கொள்கின்றன. 2004 மார்கழியின் ஆழிப்பேரலைக்காக அக்குழு திரட்டியது 392 மில்லியன் பவுண். 2005 ஜனவரியின் தொடக்கத்திலேயே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, தனது ஆழிப்பேரலைப் பணிகளுக்குப் போதிய பணம் வந்துவிட்டது, இனி அதற்கென அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. மற்ற நிறுவனங்கள் சில இதனால் கோபமுற்றன. ஆனால் அது சரியான செயல். ஆழிப்பேரலைக்கென்று கொடுத்த பணம் ஆழிப்பேரலைக்கே போக வேண்டும்.

அதன் விளைவை மருதங்கேணியிலும் மணற்காட்டிலும் கண்டோம். கடல் கொண்ட வீட்டுக்குப் பணம் இருந்தது; அதற்குச் சில மைல் உள்ளே, போரில் இடிந்த வீட்டுக்கு அதே பெட்டியிலிருந்து ஒரு சதம் எடுக்க முடியாது. ஊரவருக்கு இது அநியாயமாகத் தெரிந்தது, எங்களுக்கும் அப்படித்தான். இந்த நிலை வராமலிருக்க வேண்டுகோளின் வாசகத்தை முன்யோசனையோடு எழுத வேண்டும்: “இப்பேரிடரால் பாதிக்கப்பட்டோருக்கும், தேவைக்கு மேல் சேரின் அதே மாவட்டத்தின் பிற தேவைகளுக்கும்” என்ற ஒரு வரி முதல் நாளே துண்டுப்பிரசுரத்தில் இருந்தால் பின்னர் வரும் தலையிடி பாதியாகும். பணம் வந்தபின் அந்த வரியைச் சேர்க்க முடியாது.

எட்டாம் படி: பணத்தை இங்கே கொண்டுவருதல்

வங்கிக்கு வெளியே ஆள் வழியாகப் பணம் அனுப்பும் உண்டியல் வேண்டாம். உறவினருக்கு மருந்துச் செலவுக்கு எப்படி அனுப்புகிறீர்கள் என்பது வேறு விடயம். தொண்டுப் பணம் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கிலிருந்து நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு வங்கி வழியே வர வேண்டும். மத்திய வங்கியின் நிதிப் புலனாய்வுப் பிரிவு 2006ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இத்தகைய கொடுக்கல் வாங்கல்களைப் பார்வையிடுகிறது. பிரித்தானியாவிலும் கனடாவிலும் இலங்கைத் தமிழர் பெயரோடு வடக்குக்குப் போகும் பணத்தை வங்கிகள் இன்றும் கூடுதலாக உற்றுப் பார்க்கின்றன. நிர்வாக சபையினரின் அடையாளப் பிரதிகள், உடன்படிக்கை, செயற்றிட்ட அனுமதிக் கடிதம் ஆகியவற்றை ஒரு கோப்பில் ஆயத்தமாக வைத்திருந்தால், வங்கி முகாமையாளர் கேட்ட அன்றே கொடுக்கலாம். ஒவ்வொரு பெரிய மானியத்துக்கும் தனிக் கணக்குத் திறப்பது நல்லது. கிடைக்கும் மானியங்களில் ஒரு குறித்த பங்கை வருமானமாகக் கருதி உண்ணாட்டரசிறைத் திணைக்களம் வரி கேட்கும் விதி அரச சார்பற்ற நிறுவனங்களுக்கு உண்டு என்பதால், முன்மொழிவு எழுதும்போதே வரி ஆலோசகரிடம் கேட்டு அதையும் வரவுசெலவில் சேருங்கள்.

ஒன்பதாம் படி: கணக்குக் காட்டுதல்

நிதி திரட்டலின் அடுத்த சுற்று இங்கே தொடங்குகிறது. பற்றுச்சீட்டு, மூன்று விலைமனுக்கள், பொருள் பெற்ற ஒப்பம், படம், பயனாளிகள் பட்டியல் ஆகியவை வேலை நடக்கும்போதே கோப்பில் ஏற வேண்டும். அறிக்கை எழுதும் வாரத்தில் கொடிகாமச் சந்தைக்கு ஓடிப் பழைய திகதியில் பற்றுச்சீட்டுக் கேட்பவர் மோசடிக்குத் துணை போகிறார். படம் எடுக்கச் சம்மதம் கேளுங்கள், அதை எங்கே போடுவீர்கள் என்றும் சொல்லுங்கள். உதவி பெறும் தன் மகளின் படம் வெளிநாட்டுச் சுவரொட்டியில் வந்ததைக் கலியாணப் பேச்சு நடக்கும் வேளையில் யாரோ காட்டியதால் அவமானப்பட்ட ஒரு தாயிடம் மன்னிப்புக் கேட்கப் போனவர்களில் நானும் ஒருவன்.

நடத்தை கெட்டால் பணமும் போகும். ஹெயிட்டியில் 2010 நிலநடுக்கத்தின் பின் ஒக்ஸ்பாம் ஊழியர் சிலர் செய்த பாலியல் முறைகேடுகள் 2018 பெப்ரவரியில் வெளியானபோது, சில நாட்களில் ஏறத்தாழ 7,000 மாதாந்த நன்கொடையாளர்கள் விலகினார்கள். பிரித்தானிய அரசின் புதிய நிதிக்கு விண்ணப்பிப்பதையும் அந்நிறுவனம் இடைநிறுத்த வேண்டியதாயிற்று. முறைப்பாட்டுப் பெட்டியும், அதைத் திறக்க ஊருக்கு வெளியே உள்ள ஒருவரும் உங்களிடம் இருக்கிறார்களா என்று நிதி வழங்குநர் இப்போது விண்ணப்பத்திலேயே கேட்பதற்கு இதுபோன்ற சம்பவங்களே காரணம்.

இறுதியாக, மிஞ்சும் பணம். செயற்றிட்டம் முடியும் திகதிக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே கணக்கைப் பார்த்து, எஞ்சப் போவதைக் கணித்து, அதை வேறு தலைப்புக்கு மாற்றவோ காலத்தை நீட்டவோ எழுத்தில் கேளுங்கள். ஒருமுறை நாங்கள் முடிவுத் திகதி கடந்து பதினொரு நாளின் பின் கேட்டோம். நிதி வழங்குநர் மிக மரியாதையாகப் பதில் எழுதி, ஆறு தொட்டிகளுக்குப் போதுமான அந்தத் தொகையைத் திருப்பி அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கின் இலக்கத்தையும் அதே கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார்கள்.